கொஞ்சம் சத்தமா ஓடுறது

இல்லண்ணா, கூப்பிட்டது உங்க முதலாளி இல்ல. நான்தான். அவரு மாடில டீ குடிச்சிட்டு இருக்காரு, எட்டிப் பாருங்க. நீங்க ஏணிலேந்து இப்படி விழுந்தடிச்சு இறங்கி வருவீங்கன்னு நான் கனவா கண்டேன். தம்பீ, கஸ்டமர் நிக்கிறாங்க, கண்ணு எங்க இருக்கு. எப்படி, அவரேதான? மூக்கடைச்ச மாதிரி ஒரு இழுப்பு இழுக்குறாருல்ல, அதுலதான் சூட்சுமமே இருக்கு. உள்ள நுழையறப்ப ஒரே ஒரு தடவ கேட்டேன், பிடிச்சுக்கிட்டேன். கோச்சுக்காதீங்க. நானும் எவ்வளவு நேரமா இந்த பிளெண்டர் வரிசை முன்னாடி நிக்கிறேன். யூனிஃபார்ம் போட்ட பொண்ணுன்னா ஏசிக்கு ஒதுங்கி இருக்குன்னு யாரும் திரும்பிக்கூடப் பாக்கல.

வாங்கத்தான் வந்திருக்கேன். ஒரு ஆளுக்கு ஸ்மூத்தி, ஜூஸ் போடுற சின்ன பிளெண்டர். கப்புல எல்லாத்தையும் போட்டு, பிளேடு வச்ச மூடியத் திருகி, தலைகீழாக் கவுத்து மோட்டார் மேல வச்சு அமுக்கினா ஓடுமே, அந்த மாதிரி. எங்க வீட்ல இருந்தது மூணு நாள் முன்னாடி புகைஞ்சு போச்சு. எங்கம்மா படுக்கைல இருக்காங்கண்ணா. மெல்ல முடியாது, எது குடுத்தாலும் அரைச்சுதான் குடுக்கணும். பிளெண்டர் போனதிலேந்து வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. பக்கத்து வீட்டு பிளெண்டர்ல அரைச்சு எடுத்துட்டு வந்து குடுத்துப் பாத்தாச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறாங்க. இன்னிக்குக் காலைல டாக்டர் வந்தாரு. க்ஹும், இங்க பாருங்க, நாளைக்கும் இப்படியே இருந்தா, க்ஹும், மூக்கு வழியா டியூப் போடுறதத் தவிர வேற வழி இல்ல, க்ஹும். இப்படித்தான் பேசுவாரு, அவரு தொண்டைக்கே யாராவது டியூப் போடணும். நாளைக்குக் காலைல அம்மா குடிச்சாகணும். அதுக்கு நான் இன்னிக்கு சரியான பிளெண்டரோட வீடு போய்ச் சேரணும். விஷயம் அவ்வளவுதான்.

அந்த வெள்ளையா? வாட்ஸ் எல்லாம் நான் கேக்கலண்ணா. பிளேடு நாலா ஆறா, ஐஸ் உடைக்குமா, விதையெல்லாம் நைசாகுமா, ஒண்ணும் வேணாம். ஓட விடுங்க, கேக்கணும். இருங்க இருங்க, வெறும் கப்ப ஓட்டாதீங்க. காலியா ஓடுற சத்தம் வேற, உள்ள சரக்கு விழுந்தா வர்ற சத்தம் வேற. இந்தாங்க, டிபன் டப்பால கேரட் நறுக்கிட்டு வந்திருக்கேன், ஆப்பிள் இருக்கு, ஊற வச்ச பேரீச்சம்பழம் இருக்கு. தண்ணி என் பாட்டில்ல இருக்கு. ஏன் சிரிக்கிறீங்க. பொண்ணு பாக்க வர்றவங்க பாடச் சொல்லிக் கேக்கலையா, அது மாதிரிதான்.

ம். போட்டுட்டீங்களா? ஓடுதா இப்ப? அடப்பாவமே. பஸ்ல ஜன்னலோரம் தூங்குறவன் மாதிரி ம்ம்ம்ங்குது. இதப் போய் சத்தமே வராதுன்னு பெருமையாச் சொல்றீங்க. இது வேணாம். வேற எடுங்க.

சார்ஜ் போடுறதா? அழகாத்தான் இருக்கு, ரோஸ் கலர்ல, பைக்குள்ள போட்டுக்கலாம். ஆனா கொசு மாதிரி ஙீஙீஙீன்னு கத்தும், எங்க கிளாஸ் பிள்ளை ஒருத்தி வச்சிருக்கா. அதும் பேரீச்சம்பழம் சிக்கினா பொசுக்குனு நின்னுடும். நடுவுல நிக்கிறது ஆகவே ஆகாதுண்ணா. அதுமட்டும் ஆகாது.

மிக்சி எங்க வீட்ல இல்லாமலா. அதப் போட்டா தெருவே எந்திரிச்சு உக்காரும், பேசுறது ஒண்ணும் கேக்காது. எனக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல. ஓடுறது உள்ரூம் வரைக்கும் கேக்கணும், ஓடுறப்ப அடுப்படிலேந்து ஒருத்தர் பேசினா அதுவும் கேக்கணும். ஆனா தெளிவாக் கேக்கக் கூடாது. புரியுதா? புரியல. ஏம்மா, ஊர்ல எல்லாரும் சத்தம் இல்லாதது வேணும்னு அலையறாங்க, நீ என்ன தலைகீழாக் கேக்குறியேன்னு சொல்லத்தான வர்றீங்க. பாருங்க, உங்க குரலும் வந்துடுச்சு எனக்கு.

பேசுறது யாருன்னா, எங்க அக்கா. பல் டாக்டர்கிட்ட வரவேற்புல வேலை. வணக்கம், சொல்லுங்க, எந்தப் பல்லு. இதத்தான் நாள் பூரா சொல்வா. காலைல எந்திரிக்கிறதே லேட்டு, ஒரு கைல சீப்பு, ஒரு கைல பிளெண்டர். அம்மா ரூம் பக்கம் எட்டிப் பாக்கக்கூட நேரம் இருக்காது. மோட்டார அமுக்கிக்கிட்டே கத்துவா. அம்மா, நான் கிளம்புறேன், ஜூஸ் வச்சிருக்கேன், மிச்சம் வைக்காம குடிச்சிடும்மா. அந்தக் கடைசி ம்மாவ மட்டும் ஒரு இழு இழுப்பா, கதவு சாத்துற வரைக்கும் அது வரும். அக்கா குரல வச்சுதான் நான் தொழிலே கத்துக்கிட்டேன். ஸ்கூலுக்கு ஃபோன் போட்டு, தங்கச்சிக்குக் காய்ச்சல்ங்க டீச்சர்னு அவ குரல்ல நானே லீவு சொல்லிக்குவேன். ஒரு தடவ அவ ஆஸ்பத்திரிக்கே ஃபோன் போட்டு அவ குரல்ல அவகிட்டயே பேசினேன். ஹலோ ஹலோன்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி. பயந்து ஃபோன வச்சுட்டா. சாயந்திரம் வந்து என் காத முறுக்கினா பாருங்க.

அந்தக் கருப்பு எப்படி? பெட்டி நசுங்கி இருந்தா எனக்கென்ன, நான் பெட்டியவா குடிக்கப் போறேன். போடுங்க. ஓ. முதல்ல கர்ர்னு ஒரு உறுமல், கேரட் உடைஞ்சதும் கொஞ்சம் இறங்குது, அப்புறம் ஒரே சீரா வருது. இது தேறும்னு நினைக்கிறேன். அந்தச் சிவப்பையும் பக்கத்துல வைங்க.

அண்ணா, ஒரு உபகாரம் பண்ணணும். நீங்க வாஷிங் மிஷின் வரிசை தாண்டி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி போய் நில்லுங்க. எங்க அடுப்படிக்கும் உள்ரூமுக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். நான் இங்க ஓட்டுறேன், நீங்க காதுல விழுறத வந்து சொல்லுங்க. பெட்டி அடுக்குறது அப்புறம் அடுக்கலாம், முதலாளி வந்தா நான் அவரு குரல்லயே அவரச் சமாளிச்சுக்கிறேன். போங்க. இன்னும் போங்க. திரும்பி நின்னுக்குங்க, என் வாயப் பாக்கக் கூடாது.

சரி, வாங்க. என்ன கேட்டுச்சு? ம். ம். வேலைக்குப் போற பொண்ணு, அவசரமா யாருக்கோ ஜூஸ் குடிக்கச் சொல்லிட்டுக் கிளம்புது. நான் பேசின மாதிரியே இல்லையா? நிஜமா? யாரோ என் பக்கத்துல நிக்கிறாங்கன்னு நினைச்சீங்களா. அது கருப்பு. இப்ப சிவப்பு. மறுபடி போங்கண்ணா, ப்ளீஸ், இதான் கடைசி.

வாங்க. என்னது? சின்னப் பொண்ணு ஒண்ணு பெரிய பொம்பள மாதிரி பேச ட்ரை பண்ணுச்சா. சின்னப் பொண்ணு தெரிஞ்சிச்சா? எந்த இடத்துல, கடைசிலயா, அந்த ம்மால? அதான. அந்த இழுப்பு எனக்கு எப்பவுமே வராது, மத்ததெல்லாம் வரும். சிவப்பத் தூக்கி உள்ள வைங்க. என் கண்ணுல படாம வைங்க. கருப்பே போதும்.

வாரண்டி கார்டுல சீல் வைங்க. ரப்பர் வாஷர் தனியா ஒண்ணு கிடைக்குமா? அது தேய்ஞ்சாத்தான் கீழ ஒழுகி மோட்டார்ல தண்ணி இறங்குதாம், பழசு அப்படித்தான் போச்சுன்னு ரிப்பேர்காரர் சொன்னாரு.

அக்காவையே கூட்டிட்டு வந்திருக்கலாமா? அக்கா இல்லண்ணா. அம்மாவப் பின்னாடி உக்கார வச்சு ஸ்கூட்டர்ல போனா. மழை. லாரி. அம்மா மட்டும் திரும்பி வந்தாங்க. நீங்க எதுக்கு இப்ப கைய எடுத்துட்டீங்க, பேக் பண்ணுங்க. நான் அழவெல்லாம் மாட்டேன்.

அம்மாவுக்குத் தலைல அடி. நடக்க முடியாது, கண்ணுல வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். நாள் கிழமை கிடையாது, எல்லாம் ஒரே காலை மாதிரிதான் அவங்களுக்கு. வீட்டுக்குக் கொண்டு வந்ததிலேந்து பெரியவ எங்க, பெரியவ எங்கன்னு ஒரே கேள்வி. அப்பா வாசல்ல போய் நின்னுக்குவாரு. ஒரு நாள் நான் ஜூஸ் போட்டுட்டு இருந்தேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பிளெண்டர் ஓடுதா, அக்கா மாதிரி கத்திப் பாத்தேன். அம்மா, நான் கிளம்புறேன்னு. உள்ள இருந்து அம்மா, பாத்துப் போடின்னாங்க. அன்னைக்குக் கப்பு காலி. அப்பா அடுப்படிக்கு ஓடி வந்தாரு. யாரு நிக்கிறான்னு பாத்தாரு. நான் நிக்கிறேன். கப்ப வாங்கிக் கழுவ ஆரம்பிச்சிட்டாரு. அதுலேந்து தினமும் காலைல அக்கா கிளம்புவா.

ஆனா அத உள்ள கொண்டு போய் ஊட்டணும்ல. என் குரல்ல போனா, அக்கா ஏன்டி கிட்டயே வர மாட்டேங்கிறான்னு என்னைக் கேப்பாங்க, நான் எங்க போவேன். அதனால நர்ஸக்கா குரல்ல போனேன். அவங்க வந்து ஊசி போட்டுட்டுப் போயிடுவாங்க, மிச்ச நேரம் எல்லாம் நான்தான் நர்ஸு. ஆ காட்டுங்கம்மா, சமத்து, இன்னும் ஒரே ஒரு வாய். சின்னவ எங்கன்னு கேட்டா அடுப்படிலேந்து அக்கா சொல்லிடுவா, ஸ்கூலுக்குப் போய்ட்டாம்மான்னு. ஒரே வீட்ல நான் ரெண்டு பேரு. சூப்பரா ஓடிட்டு இருந்துச்சுண்ணா.

எங்க அத்தை ஒருத்தங்க இருக்காங்க. துக்கம் கேக்க லேட்டா வந்தாங்க, வந்த வேகத்துல கட்டிலப் பிடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டுல ஒண்ணப் பறி குடுத்துட்டு இப்படிக் கிடக்கியே. அப்பா வாயப் பொத்தி இழுத்துட்டுப் போறதுக்குள்ள எல்லாம் சொல்லியாச்சு. அம்மா எது போச்சுன்னு கேக்கவே இல்ல. அவங்களே யோசிச்சாங்க போல. பெரியவ தினமும் அடுப்படில கத்திட்டுத்தான போறா. அப்ப போனது யாரு?

ஆமாண்ணா. அதேதான்.

என்கிட்டயே சொல்லி அழுதாங்க, நர்ஸுன்னு நினைச்சு. சின்னவ சரியான வாலும்மா, அவ மட்டும் இருந்திருந்தா இந்நேரம் உன் குரலப் பிடிச்சு உன்னையே ஏமாத்தி இருப்பான்னு. நான் முதுகத் தடவிக் குடுத்தேன். அழாதீங்கம்மான்னு சொன்னேன், நர்ஸக்கா குரல்லதான். அன்னைக்கு அது கொஞ்சமும் பிசகல, அவங்களே வந்திருந்தாக்கூட அவ்வளவு நல்லாச் சொல்லி இருக்க மாட்டாங்க. அப்பா, போதும், சொல்லிடலாம்மாங்கிறாரு. சொன்னா என்ன ஆகும்? நான் வந்துடுவேன், அக்கா போயிடுவா. என்னை ஒரு மாதிரி அழுது முடிச்சுட்டாங்க, இன்னொரு தடவ அதே மாதிரி அழ அவங்க உடம்புல தெம்பு இல்ல. நானாவது ஸ்கூலுக்குப் போறேன், கடைக்கு வர்றேன், உங்ககிட்ட எல்லாம் வாயாடுறேன். அக்காவுக்கு அந்த அடுப்படிய விட்டா வேற இடமே இல்லண்ணா.

பை வேணாம், இப்படியே எடுத்துட்டுப் போறேன். நசுங்கின பக்கம் உள்பக்கமா வச்சுக் கட்டுங்க.

பழசு புகைஞ்சதுன்னு சொன்னேன்ல, அது நான் பேசிட்டு இருக்கிறப்பதான் நின்னுச்சு. பொசுக்குனு. எனக்கு வாய நிறுத்தத் தெரியல. அந்தக் கடைசி ம்மா மட்டும் தனியா வெளில வந்து விழுந்துடுச்சு, அப்படியே பச்சையா, என் குரல்ல. வீடு பூரா அமைதி. அம்மாவுக்குக் கேட்டுடுச்சு. அப்பாவக் கூப்பிட்டுக் கையப் பிடிச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னாங்களாம், சின்னவ இன்னும் போகலைங்க, அடுப்படிலயே நிக்கிறா, எனக்குப் பயமா இருக்கு, அவ கை பட்டது எதுவும் எனக்கு வேணாம்னு.

தப்பாச் சொல்லிட்டாங்கன்னு எப்படிண்ணா சொல்றது. நான் அங்கதான நின்னேன்.