உறையில் வைக்காத எண்கள்

மட்டாஞ்சேரியில் சுக்கு மண்டிக்கு மேல்மாடியில் குடியிருப்பவனுக்கு ஜலதோஷம் வராது. இருபது வருஷமாக எனக்கு வந்ததில்லை. நீங்கள் தமிழ் தெரிந்த இன்ஸ்பெக்டர் என்றார்கள், நல்லதாகப் போயிற்று. மலையாளத்தில் சொன்னால் நான் கொஞ்சம் கோபக்காரனாகத் தெரிவேன்.

என் பெயர் வெங்கிடாசலம், பேராசிரியர். எரிந்து தீர்ந்து சுருங்கிப்போன இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி மோதும்போது ஈர்ப்பலை கிளம்புகிறது. அந்த அலையை வைத்து அவற்றின் எடை என்ன, மோதுமுன் எவ்வளவு நசுங்கின என்று கண்டுபிடிப்பது என் வேலை. நசுங்கலைத் துல்லியமாக அளந்தவன் என்று ஆறு வருஷமாக எனக்கு உலகத்தில் ஒரு பெயர் உண்டு.

ஸுப்ரியா என் ஆராய்ச்சி மாணவி. திருப்பூணித்துறைப் பெண், வீட்டில் அம்மா மட்டும்தான். பயிற்சிக்காக என் பழைய கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறாள். கணக்கைத் தொடங்குமுன், விடை எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று நாமே குறித்துக் கொடுக்க வேண்டும். நான் அந்த எல்லையைக் குறுக்கியிருந்தேன்.

"எல்லையை அகலமா வெச்சா உங்க விடை நிக்க மாட்டேங்கறது சார். கைப்பிசகா இருக்கும். நாமளே திருத்தி எழுதிடலாமே?" என்றாள்.

யாரிடமும் சொல்லவில்லையாம். நல்ல வளர்ப்பு. எழுதலாம் என்றேன். கைப்பிசகு என்ற சொல்தான் எனக்கு எரிந்தது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வாளர்கள் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்க, கருவியின் பதிவில் ஒரு பொய் அலையை ரகசியமாகச் சேர்ப்பார்கள். சேர்த்த எண்கள் மூடிய உறையில் இருக்கும். அதைத் திறக்கும் நாள்வரை, தெரிந்தவர் வாய் திறக்கக் கூடாது. நான் எங்கள் குழுவின் பதிவில் அப்படி ஒன்றைச் சேர்த்தேன். ஸுப்ரியாவின் பெயரில் கணினிக்குள் நுழைந்து சேர்த்தேன், அவளுடைய கடவுச்சொல்லைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். உறை வைக்கவில்லை.

பொய் என்று தெரியாமல் அந்த அலையை எட்டு மாதம் அளந்தாள். நான் அதில் வைத்த இரண்டில் பெரிய நட்சத்திரம் சூரியனைப்போல ஒன்றரை மடங்கு எடை. அவளுக்கு வந்தது ஒன்று புள்ளி நான்கு ஒன்பது. பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெளிநாட்டுக் குழுக்களுக்கு முன்னால் அறிவித்தாள். அவர்கள் சரிபார்த்து, அலை பொய், சேர்த்தவர் ஸுப்ரியா என்று கண்டுபிடித்தார்கள்.

எங்கள் நிறுவனம் வைத்த விசாரணையில் அவள் வாதாடவேயில்லை. "நான் செய்யலை. கொஞ்சம் காத்திருங்கோ" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சோதனை வைத்தது சார்தான், உறை அவரிடம் இருக்கிறது, நாள் வராததால் பேசாமலிருக்கிறார் என்று அவள் நம்பினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுடைய ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்தார்கள். அப்போதும் காத்திருந்தாள். இனி என் பழைய அளவைப் பற்றி அவள் எதைச் சொன்னாலும் யாரும் காதில் வாங்கப் போவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை படகுத்துறையில் என்னைப் பிடித்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"அம்மா சரியா சாப்பிடறதே இல்லை சார். கவரை எப்போ திறப்பேள்?"

"எந்தக் கவர்?" என்றேன்.

புரிவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கவரே இல்லையா சார்?" என்றாள். இல்லை என்றேன். படகு வந்தது, ஏறிக்கொண்டேன். வியாழக்கிழமை கும்பளங்கிக் காயலில் வலைக்காரர்கள் அவளைக் கரை சேர்த்தார்கள்.

தற்கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன். அந்தப் பெண்ணைக் கொன்றது நான். மாதக்கணக்கில் யோசித்து, ஒவ்வொரு படியும் தெரிந்தே செய்தேன். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. அந்த எல்லை விஷயத்தை மட்டும் வாக்குமூலத்தில் சேர்க்காதீர்கள், சார். இந்த வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் அளவு சரியானது.