பல்லு கட்ட வந்த ஊர்

— இன்னும் கொஞ்சம் வாயத் திறங்க சிஞ்ஞோரா. ஆங், நல்லாத்தான் கட்டியிருக்காரு. வரிசையா, வெள்ளையா.

— வெள்ளையா இருந்தா ஆச்சா? கண்ணாடியில பாத்தேன். குதிரை சிரிக்கிற மாதிரி இருக்கு. உங்க ஊர் டாக்டருக்கு மனுஷ வாயோட அளவு தெரியாது ஸீனா, மாட்டாஸ்பத்திரிலேர்ந்து பிடிச்சிட்டு வந்திருக்கீங்க.

— உங்க ஊரு பாதோவாவுல இதே பல்லுக்குக் கேட்ட காசுல ஒரு காரே வாங்கலாம்னு நீங்கதான சொன்னீங்க.

— வாங்கியிருக்கலாம். பொக்க வாயோட கார்ல போயிருக்கலாம். அதுக்கு மால்தோவாவுக்கு வந்து மூணு வாரம் சீரழியணும்னு என் தலையில எழுதியிருக்கு.

— வலிக்குதா?

— வலிய எனக்கு நீ சொல்லித் தரியா? ரெண்டு வயசுல போலியோ வந்து இந்தக் காலு ரெண்டும் சூம்பிப் போனப்ப உங்க டாக்டரோட அப்பனே பொறந்திருக்க மாட்டான். அவன் என் கன்னத்தத் தட்டி, 'பயப்படாதீங்க பாட்டி'ங்கறான். அறுபத்தாறு வயசுல நான் அவனுக்குப் பாட்டியாம்.

— மரியாதையாத்தான சொன்னாரு.

— மரியாதைய அந்தக் கிளினிக் வாசல்லயே பாத்தேனே. படிக்கட்டு மேல ரெண்டு இரும்புக் கம்பியச் சாச்சு விட்டுட்டு, சக்கர நாற்காலிக்கு வழின்னு போர்டு வேற. நான் என்ன கூட்ஸ் வண்டியா, தண்டவாளத்துல ஏறி உள்ள போக?

— எங்க ஊர்ல எல்லாக் கட்டடத்துலயும் அப்படித்தான் சிஞ்ஞோரா. யாரும் அதுல ஏறி நான் பாத்ததில்ல.

— ஏறினவன் யாரும் திரும்பி வந்திருக்க மாட்டான்.

— அதான் என் தம்பி கிரிகோரே தூக்கிட்டுப் போனானே. ஒவ்வொரு தடவையும் மூணு மாடி இறக்கி, கிளினிக்ல ஏத்தி, மறுபடி மூணு மாடி ஏத்தி. அவன் வாயத் திறந்து ஒரு வார்த்த முணுமுணுக்கல.

— வாயத் திறந்தாத்தான் பூண்டு நாறுதே, திறக்காம இருந்தது புண்ணியம். சமையல்கட்டு நாற்காலில வெச்சு என்னை இடுப்போட கட்டித் தூக்குறான், ஏதோ பீரோ தூக்குற மாதிரி. மூலையில திரும்பறப்ப 'பாத்து, பாத்து'ன்னு பக்கத்து வீட்டுக்காரன் வேற கத்தறான். சுவருக்கு அடிபடக் கூடாதாம், அவனுக்கு அதுதான் கவலை.

— லிஃப்ட்டுல உங்க வண்டி நுழையலியே, நான் என்ன பண்ண?

— அத லிஃப்டுன்னு சொல்லாத. அதுக்குள்ள ஒரு பூனை போனாக்கூட வால வெளிய விட்டுட்டுத்தான் போகணும்.

— சரி விடுங்க. கொரீனா மமலிகா கிண்டி வெச்சிட்டுப் போயிருக்கா. சூடா இருக்கு. மேல பாலாடைக்கட்டி உதிர்த்துப் போட்டு எடுத்துட்டு வரேன். புதுப் பல்லுக்கு மெத்துனு இருக்கும்.

— அதுக்கு எங்க ஊர்ல பொலெந்தான்னு பேரு.

— ரெண்டும் அதே சோள மாவுதான.

— மாவு அதேதான். கை வேற. உன் பொண்ணு கிண்டினா கட்டி கட்டியா வருது. முழுங்கினா நெஞ்சுக்குள்ள கூழாங்கல்லு உருளுற மாதிரி இருக்கு.

— கத்துப்பா. சின்னப் பொண்ணு. நானும் உங்க வீட்டுக்கு வந்தப்ப கட்டி கட்டியாத்தான் கிண்டினேன்.

— நீ கத்துக்கல. நான் கத்துக் குடுத்தேன். சரி, அது கிடக்கட்டும். பெட்டிய எடு. நாளைக்கு எத்தனை மணிக்கு ப்ளேன்?

— மொதல்ல சாப்பிடுங்க.

— சாப்பாட்டக் கேக்கல, ப்ளேனக் கேட்டேன்.

— டாக்டர் இன்னொரு தடவ பாக்கணும்னாரு சிஞ்ஞோரா. ஈறு ஆறணுமாம்.

— நேத்துதான் எல்லாம் முடிஞ்சுதுன்னு கையக் குலுக்கினான். ஒரு பல் பிரஷ் வேற பரிசு குடுத்தான், ஸ்கூல் பிள்ளைக்குக் குடுக்கற மாதிரி. அந்த ஈறு ராத்திரியோட ராத்திரியா உங்கிட்ட மட்டும் வந்து பேசிச்சா?

— பனி ஜாஸ்தியா இருக்கு. ப்ளேன் எல்லாம் தாமதமாகுதாம்.

— இப்பத்தான் ஈறு, அதுக்குள்ள பனி. ஏண்டி, பொய் சொல்றதுன்னா ஒண்ணாவது ஒழுங்கா சொல்ல வேண்டாமா? பதினோரு வருஷம் என் வீட்டுல இருந்து இதக்கூடக் கத்துக்கல.

— பெட்டிய அப்புறம் எடுக்கறேன்.

— இங்க பாரு. எனக்கு என் வீட்டுக்குப் போகணும். அந்த வீட்டுல கதவுக்கு வெளிய ஒரு படி கிடையாது. நானே கதவத் திறப்பேன், நானே வெளிய உருட்டிட்டுப் போவேன், தெருவோரத் தூண் மண்டபத்துக்குக் கீழயே மழை படாம மூலைக் கடை வரைக்கும் போயி காப்பி குடிச்சிட்டு, நாலு பேரப் பத்தி வம்பு பேசிட்டு, நானே திரும்பி வருவேன். ஒருத்தன் என்னைத் தொட வேண்டியதில்ல. இங்க மூத்திரம் போகணும்னாலே ஒரு ஊர் கூட வேண்டியிருக்கு. நீ பெட்டிய எடுக்கறியா, நான் தரையில தவழ்ந்து போயி எடுக்கவா?

— டிக்கெட் இல்ல சிஞ்ஞோரா.

— என்னது?

— திரும்பிப் போக டிக்கெட் இல்ல. இங்க வர்றதுக்கு மட்டுந்தான் உங்க மகன் போட்டாரு.

— மௌரோ மறந்திருப்பான். அவன் எதத்தான் ஞாபகம் வெச்சிருக்கான்.

— மறக்கல.

— சொல்லு. பாதியில நிறுத்தாத, அது எனக்குப் பிடிக்காது.

— உங்க வீட்ட டூரிஸ்டுங்களுக்கு விட்டாச்சு. கதவுல நம்பர் பூட்டு மாட்டியாச்சு. ரெண்டு நாளைக்கு ஒரு கூட்டம் வந்து தங்கிட்டுப் போகுதாம். உங்க கட்டில வித்துட்டு ரெட்டைக் கட்டில் வாங்கிப் போட்டிருக்காரு.

— ரெட்டைக் கட்டிலா. அவங்க அப்பன் செத்தப்புறம் எனக்குப் போட்ட ஒத்தைக் கட்டில். சரி.

— அங்க ஒரு முதியோர் இல்லத்துல ஒரு மாசத்துக்குக் குடுக்கறத இங்க குடுத்தா அரை வருஷம் ராஜா மாதிரி இருக்கலாம்னு உங்க மகன் சொன்னாரு. பல்லு கட்டறதுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடு, அங்கேயே இருக்கட்டும்னாரு. நான் சரின்னேன்.

— சரின்னியாக்கும்.

— சரின்னேன்.

— போலியோக்காலோட பிள்ளை பெக்காதன்னு டாக்டர் சொன்னாரு, என் மாமியார் சொன்னா, சர்ச்சுல சாமியார் கூடச் சொன்னாரு. ஒருத்தர் பேச்சையும் கேக்காம பெத்தேன். அவங்க எல்லாரும் காலப் பாத்துச் சொன்னாங்க, பிள்ளையப் பாத்துச் சொல்லலியேன்னு இப்பத்தான் வருத்தமா இருக்கு.

— நீங்க கத்துவீங்கன்னு நினைச்சேன்.

— கத்தினா புதுப் பல்லு தெறிச்சிடும். இத்தன செலவு பண்ணிக் கட்டினது. அப்ப நீ இந்தப் பொந்துலயே கடைசி வரைக்கும் என்னைக் கழுவி விடப் போற, அப்படித்தான?

— நான் இல்ல. கொரீனா பாத்துப்பா.

— நீ?

— நான் பாதோவாவுக்குப் போறேன். நாலு மணிக்கு வேன். உங்க மகனோட மாமியாருக்கு இடுப்பு முறிஞ்சிருக்கு, ஆள் வேணும்னாரு.

— யாரு, அந்த லொரெதானாவுக்கா? தோல் கோட்டு லொரெதானா. இத்தன நாள் நல்லா ஆடிட்டிருந்தா. அவ உன்னப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டா தெரியுமா? விரலச் சொடுக்குவா. என்கிட்டயாவது திட்டு வாங்கினாலும் பேரோட வாங்கின.

— திட்டு திட்டுதான் சிஞ்ஞோரா. பேரோட வாங்கினா இனிக்குமா?

— இன்னிக்கே நாலு மணிக்குப் போறவ, மூணு மணிக்கு எனக்கு மமலிகா ஊட்ட வர. நான் கேக்கலேன்னா சொல்லாமயே ஓடியிருப்ப.

— சொல்லத்தான் உக்காந்தேன். வாய் வரல.

— உன் பொண்ணு என் காலத் துடைக்கறப்ப மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கறா. பாத்திருக்கியா? குழந்தைக் கை மாதிரி இருக்கற கால், பாத்தா யாருக்கும் ஒரு மாதிரி இருக்கும், அவளக் குத்தம் சொல்லல. நீ ஒரு நாளும் திருப்பினதில்ல. மொத நாள்லகூட. அதுக்காக உன்ன எனக்குப் பிடிக்கும்னு மண்டையில ஏத்திக்காத. இன்னொருத்தி கை என் மேல படறது எனக்கு ஆகாது, அவ்வளவுதான்.

— பழகிடும். நான் பழகலியா? ஒன்பது வயசுப் பொண்ண விட்டுட்டு வந்து ஊர் தெரியாத ஒருத்தியோட காலத் துடைச்சேன்.

— அப்பத்தக் கதைய ஆரம்பிக்காத.

— ஆரம்பிப்பேன். இத்தன வருஷம் நீங்க பேசினீங்க, நான் கேட்டேன். ஞாயித்துக்கிழமை லீவுன்னு வெளிய அனுப்புவீங்க. எங்க போறது? எங்க ஊர்ப் பொம்பளைங்க அத்தன பேரும் பார்க்ல பெஞ்சு பெஞ்சா உக்காந்திருப்போம், வீட்டுக்கு அனுப்பற பார்சலக் கட்டிட்டு. மழை வந்தா சர்ச்சு. என் பொண்ணு போனுக்குள்ளயே வளந்தா. அவ வயசுக்கு வந்த அன்னிக்கு என்னை ஏழு தடவ கூப்பிட்டா. உங்களுக்கு அன்னிக்கு வயித்தால போயிட்டிருந்துச்சு. என் கை ரெண்டும் எதுல இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் நான் கூப்பிட்டப்ப, 'பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டுக்கிட்டேம்மா'ன்னு வெச்சிட்டா.

— அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? வயித்தால போறது என்ன உங்கிட்ட கேட்டுட்டா வரும்?

— உங்களக் குத்தம் சொல்லல. பொண்ணுக்கு இப்ப இருபது ஆகுது. இவ கூடப் படிச்சதுங்க எல்லாம் கிளம்பிப் போயாச்சு. ஒண்ணு வெரோனாவுல, ஒண்ணு பெர்காமோவுல, எல்லாம் எவளோ ஒரு கிழவியோட கக்கூஸ்ல நிக்குதுங்க. இவளும் போறேன் போறேன்னு ரெண்டு வருஷமா நச்சரிக்கறா. நான் போனது போதும். என் பொண்ணு ஒருத்தர் வீட்டு வாசல்லயும் போயி நிக்கக் கூடாது. வேலை அவளத் தேடி இங்க வரணும். அதுக்குத்தான் உங்களக் கொண்டாந்தேன். உங்க மகனுக்கு இடம் மிச்சம், எனக்குப் பொண்ணு மிச்சம்.

— நானு?

— உங்களுக்குப் பல்லு.

— நல்லாத்தான் பங்கு போட்டிருக்கீங்க. இத உன் பொண்ணுகிட்ட கேட்டியா? மூணு மாடி மேல உக்காந்து, திட்டற கிழவி ஒருத்தியோட காலத் துடைச்சிட்டு இங்கயே கிடக்க அவளுக்கு இஷ்டமான்னு?

— கேக்கறதுக்கு என்ன இருக்கு? அம்மா சொன்னாக் கேப்பா.

— மௌரோவும் என்னைக் கேக்கல. நீயும் அவளக் கேக்கல. ரெண்டு பேருக்கும் நல்ல பொருத்தம். லொரெதானா வீட்டுல அவனுக்கும் உனக்கும் ஒரே தட்டுல சோறு போடலாம்.

— என்னை அவரோட சேக்காதீங்க. அவரு உங்களத் தொலைக்கப் பாத்தாரு. நான் என் பொண்ணத் தொலைக்கக் கூடாதுன்னு பாத்தேன்.

— என்னமோ. போறதுன்னா போயேன். யாரு உன் காலப் பிடிச்சா? பிடிக்க எனக்குத்தான் நடக்க வராதே.

— போகத்தான் போறேன். கொரீனா வரட்டும்னு பாக்கறேன். என் பைய வேன்ல ஏத்திட்டு உடனே வரேன்னு கீழ போனவ, இன்னும் காணோம்.

— இந்த மமலிகா ஆறிப் போச்சு. சூடு பண்ணிக் குடு.

— அவ வந்து பண்ணுவா. மாத்திர எல்லாம் எந்த வேளைக்கு எதுன்னு சொல்லிக் குடுத்திருக்கேன். ராத்திரி இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்னு சொல்லியிருக்கேன். நீங்க கத்தினா பதில் பேசாத, அஞ்சு நிமிஷத்துல அடங்கிடுவாங்கன்னும் சொல்லியிருக்கேன்.

— பத்து நிமிஷம். பொய் சொல்லாத.

— கீழ ஹாரன் அடிக்கறான். நான் வரேன் சிஞ்ஞோரா. எங்க போய்த் தொலைஞ்சா இவ, படியிலதான் வந்துட்டிருப்பா. ரெண்டு நிமிஷம் தனியா இருப்பீங்கல்ல? திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க, போனப்புறம் மனசுல வெச்சுக்காதீங்க. இருங்க, இந்தப் போர்வைய மட்டும் காலு மேல இழுத்து விட்டுடறேன்.

— வேன் கிளம்பட்டும்னு இருந்தேன், அந்தச் சத்தம் கேக்குதா, கிளம்பிடுச்சு. உக்காரு ஸீனா, உன் பொண்ணு நேத்து ராத்திரியே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா, உன் பையில அவ தூக்கிட்டுப் போனது அவ துணிய, லொரெதானா வீட்டுக்கு உனக்குப் பதிலா அவதான் வரான்னு காலையிலயே மௌரோகிட்ட பேசி முடிச்சிட்டேன், உன் துணியெல்லாம் என் கட்டிலுக்கு அடியில இருக்கு.