பென்ஹாமின் வாத்து ஹாரன்

வீடு பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் சமையலறையைத்தான் திறந்து பார்க்கிறார்கள். அது தப்பு. பக்கத்து வீட்டுக்காரன் காலையில் எழுந்து என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். சமையலறையை இடித்துக் கட்டிக்கொள்ளலாம்.

நீங்கள் விசாரணை அதிகாரி. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள உங்களிடம் ஆள் இருக்கிறது. இருந்தாலும் நானே எழுதித் தருகிறேன், அம்மா. மெதுவாகத்தான் வரும். எனக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தது என் மனைவி நடீன், அதுவும் ஐம்பது வயதுக்கு மேல். அப்போது வீட்டில் கிடந்த அச்சுத்தாள் எல்லாம் இந்த மாதிரிக் குடியிருப்புகளின் விளம்பரம்தான். நான் முதன்முதலாக முழுசாகப் படித்து முடித்த வரி, "ஏரிக்கரையில் உங்கள் புது வாழ்க்கை." படித்துவிட்டுச் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று நடீனுக்குப் புரியவில்லை.

ஃபுளோரிடா முழுக்க அலைந்தோம். ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கு மட்டும் என்று மதில் கட்டி, கேட் போட்டு, எல்லா வீட்டுக்கும் ஒரே சுண்ணாம்பு நிறம் அடித்து வைத்திருக்கிறார்களே, அந்த இடங்கள். ஒன்றில் எல்லாரும் கோல்ஃப். ஒன்றில் வீட்டுக்கு வீடு குதிரை. இன்னொன்றில் ஆளுக்கொரு குட்டி விமானம். பல் தேய்த்த கையோடு ஏறிப் பறந்து, பக்கத்து ஊரில் முட்டை தின்றுவிட்டு வருவார்களாம். எங்கே போனாலும் ஒரு பெண் அட்டையை நீட்டி, "உங்க வாழ்க்கைமுறை எப்படிப்பட்டது சார்?" என்பாள். நடீன் எல்லாக் கட்டத்திலும் டிக் அடிப்பாள். "எனக்கு வாழ்க்கைமுறையெல்லாம் இல்லம்மா, முதுகுவலிதான் இருக்கு," என்றேன். அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் மார்ஷ் ஹெரன் எஸ்டேட்ஸ். ஏரிக்கரை வீடு. நான் ஆயுசு பூராவும் மண் தோண்டும் இயந்திரம் ஓட்டியவன், எனக்குத் தெரியும். அது ஏரி இல்லை. சதுப்பில் வீடு கட்ட மேடு வேண்டும். மண்ணை அங்கேயே தோண்டி எடுப்போம், பள்ளத்தில் தண்ணீர் ஊறும், அதற்கு ஏரி என்று பெயர் வைத்து அந்தப் பக்கம் ஜன்னல் உள்ள வீட்டுக்குக் கூடுதல் விலை சொல்வார்கள். பெரிய பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் ஒயினோடு ஒரு குழியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

பக்கத்து வீட்டுக்காரன் கிளிஃபோர்ட் பென்ஹாம். ஒஹையோவிலிருந்து வந்தவன், குடியிருப்போர் சங்கத் தலைவன். விதிகள் எல்லாம் அவன் எழுதியவை. தபால்பெட்டி கறுப்பாக இருக்க வேண்டும், குப்பைத்தொட்டி கண்ணில் படக் கூடாது, இப்படி. வந்த புதிதில் ஒருநாள் காலை பின்கட்டில் ஒரு ஆணி அடித்தேன். அவனுடைய கோல்ஃப் வண்டி வந்து நின்றது. அதன் ஹாரன் வாத்து மாதிரி கத்தும்; வயதான மனிதன், காசு கொடுத்து அதை வாங்கி மாட்டியிருந்தான்.

"வெர்னன், நல்லா இருக்கியாப்பா? எட்டு மணிக்கு முன்னாடி சத்தம் போடக் கூடாதுன்னு விதி இருக்கே, படிக்கலையா?" என்றவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். "அடடா. படிக்கிறதுன்னா உனக்குக் கொஞ்சம் நேரமாகும்னு நடீன் சொன்னா. அவசரமில்ல, மெதுவா எழுத்துக்கூட்டிப் படி."

"உன் வாத்து கத்துறது சத்தமில்லையா?"

"அது வாத்துங்களுக்குப்பா. மனுஷங்களுக்கு இல்ல."

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். அன்றிலிருந்து எட்டு மணிக்கு முன்னால் என் வீட்டில் ஒரு கரண்டி விழுந்த சத்தம்கூடக் கேட்டதில்லை. விதி என்றால் விதிதான்.

பென்ஹாமின் காலை வேலை இதுதான். பொழுது விடிந்ததும் வண்டியைக் கரையில் நிறுத்துவான், ஹாரனை இரண்டு தரம் அடிப்பான், தண்ணீர் விளிம்பில் குனிந்து நின்று வாத்துகளுக்கு ரொட்டி போடுவான். பிராணிகளுக்குத் தீனி போடக் கூடாது என்பதும் அவன் எழுதிய விதிதான்.

நடீன் எல்லாவற்றிலும் சேர்ந்தாள். வரிசை நடனம், நீச்சல் குளத்தில் நின்றபடி கையைக் காலை ஆட்டுவது, சீட்டுக் கச்சேரி. குளோரின் வாடையோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவாள். நான் ஒருநாள் சொன்னேன்:

"வித்துட்டுப் போயிடலாம் நடீன். ஜார்ஜியாப் பக்கம் ஒரு ட்ரெய்லர் வீடு போட்டுக்கலாம், நீயும் நானும்."

"ட்ரெய்லரா? என் பாதி ஆயுசு அதுலதான கெடந்தேன்? நீ வேணா போ, வெர்னன். நான் இங்கிருந்து நகர மாட்டேன். இங்கதான் என்னப் பாத்து நாலு பேர் சிரிக்கிறாங்க."

"உன்னப் பாத்துச் சிரிக்கிறாங்களா, உன்ன வச்சுச் சிரிக்கிறாங்களா?"

அவள் நடனச் செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யாரோடு ஆடினாள் என்று நான் கேட்டதில்லை; பென்ஹாமோடுதான். பொறாமை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அந்த மனிதன் ஆடுவதைப் பார்த்தவனுக்குப் பொறாமை வராது.

வசந்தத்தில் முதலை வந்தது. தண்ணீர் இருந்தால் அது வரும், வடிகால் குழாய் வழியாக. எங்கள் ஜனங்கள் முதலை பிடிக்கிறவனைக் கூப்பிடவில்லை. பெயர் வைக்க ஓட்டெடுப்பு நடத்தினார்கள். 'டியூக்' ஜெயித்தது. பெயர் வைத்துவிட்டால் அது நாய்க்குட்டி ஆகிவிடும் என்று நினைக்கிறவர்கள். நடீன் அதன் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள்.

நெடுஞ்சாலைக் கடையில் அதே வாத்து ஹாரன் ஒன்று வாங்கினேன். கோழிக் கழுத்து மலிவாகக் கிடைத்தது. மதியம் எல்லாரும் நீச்சல் குளத்தில் குதித்துக்கொண்டிருக்கும்போது, பென்ஹாம் நிற்கும் அதே இடத்துக்குப் போய் இரண்டு தரம் அடித்துவிட்டு, கழுத்தை வீசுவேன். எட்டு மணிக்கு மேல்தான், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் டியூக் நடுவிலேயே மிதந்தது. பிறகு பாதி தூரம் வந்தது. பிறகு கரை. கோடைக் கடைசியில், பென்ஹாம் ஆஸ்பத்திரிக்குப் போன அதே வாரம், ஹாரன் கேட்ட மாத்திரத்தில் புல்லில் ஏறி நின்றது. நான் ஓட்டிய எந்த இயந்திரமும் அவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்டதில்லை. ஒரு பிராணிக்குச் சோறு போட்டேன், அவ்வளவுதான். மனிதர் யார் மேலும் நான் கை வைக்கவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். விபத்து என்று எழுதினார்கள். சங்கக் கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஊன்றுகோலோடு பென்ஹாம் எழுந்து நின்று, "என் வேலைய அவ செய்யப் போய்த்தான்... நான்தான் அவளக் கொன்னுட்டேன்," என்று விக்கி விக்கி அழுதான். பெண்கள் எல்லாரும் போய் அவனைக் கட்டிக்கொண்டார்கள். அந்த வாரம் துக்கத்துக்கென்று சுட்ட மக்ரோனியும் கறியும் தட்டுத் தட்டாக அவன் வீட்டுக்குத்தான் போயின. என் வீட்டுக்கு ஒரு தட்டு வந்தது, அதுவும் அடியில் தீய்ந்தது.

அதனால்தான் வந்தேன். செய்தது நான். பேர் அவனுக்கா? அவன் வாழ்நாளில் ஒரு வேலையையும் ஒழுங்காக முடித்தவனில்லை.

நேற்று நீங்கள் ஒன்று சொன்னீர்கள். குறி வைத்தது பென்ஹாமுக்கு, மாட்டிக்கொண்டது மனைவி, பாவம் என்று. இரக்கத்தோடு சொன்னீர்கள். ஆனால் அது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போதே நடீன் என்னிடம் சொல்லிவிட்டாள்.

"பென்ஹாமுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்குல்ல, வண்டிய எங்கிட்டக் குடுத்துட்டான். காலைல வாத்துங்களுக்கு நான்தான் ரொட்டி போடப் போறேன். அந்த ஹாரன அடிக்கணும்னு எனக்கு எத்தன நாளா ஆச தெரியுமா?"

"செருப்பு போட்டுட்டுப் போ," என்றேன். "புல்லு ஈரமா இருக்கும்."

அக்கறை இல்லாதவன் இதைச் சொல்வானா?

காலையில் பின்கட்டில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். ஹாரன் இரண்டு தரம் கேட்டது. பிடித்துப்போயிருக்க வேண்டும், மூன்றாவது தரமும் அடித்தாள். மஞ்சள் தொப்பி போட்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அவள் பின்னால் தண்ணீரில், அளவுகோல் வைத்து இழுத்தாற்போல ஒரு கோடு கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை எனக்கு. ஒரு குரல் கொடுத்திருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். வாயைக்கூடத் திறந்தேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டாக இன்னும் நேரம் இருந்தது.

அந்த இடத்தில் விதியை மதித்து நடந்தவன் நான் ஒருவன்தான், அம்மா.