உள்ளங்கையில் கொட்டியது

— அந்த வலைத் தொப்பியக் கழட்டிட்டுப் பேசுங்க அண்ணி. உங்க மூஞ்சியே தெரிய மாட்டேங்குது.

— கழட்ட முடியாது பாப்பா. இப்பதான் பெட்டியத் தொறந்தேன். நீ அந்த மாடிக் கதவுகிட்டயே நில்லு. கிட்ட வராத.

— எனக்கு ரெண்டு பிள்ளைங்க ஆச்சு, இன்னும் பாப்பா.

— உங்கண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அதே வந்துருச்சு. என்ன, லேப்ல லீவு போட்டுட்டு வந்தியா?

— அரை நாள் சொல்லிட்டு வந்தேன். வந்து பாத்தா அப்பா கை பன்னு மாதிரி உப்பிக் கெடக்குது. நீங்க என்னடான்னா அதே தேனீப் பெட்டியோட மாடியில நிக்கிறீங்க.

— முள்ள எடுத்துட்டேன். நகத்தால வழிச்சு எடுத்தேன், கிள்ளி எடுத்தா விஷம் உள்ள எறங்கிரும். ஐஸ் வெச்சேன். டாக்டருக்குப் போன் பண்ணேன், மாத்திரை சொன்னாரு, குடுத்தேன். இன்னும் என்ன பண்ணணும்னு சொல்லு, பண்றேன்.

— நான் உங்களக் குத்தம் சொல்லல அண்ணி.

— சொல்லலாம். பரவால்ல. குத்தம் சொல்லணும்னா பகல்ல வீட்ல நான் ஒருத்திதானே இருக்கேன்.

— இதுக்குத்தான் நான் வாயே தொறக்கறதில்ல.

— சரி, விடு. அந்தப் புகை டப்பாவ இப்படித் தள்ளு. குனியாத, காலால தள்ளு, போதும்.

— உள்ள என்ன, காஞ்ச இலையா?

— இலையும் கோணித் துண்டும். லேசா புகை காட்டுனா அதுங்க அமைதியாயிரும். மொத தடவ எனக்கு அளவு தெரியல. வீடு பத்திக்கிச்சுன்னு நெனச்சு எதிர்வீட்டுக்காரர் பக்கெட்டுல தண்ணியோட படி ஏறி வந்துட்டாரு. பாவம், பாதித் தண்ணி அவரு வேட்டியிலயே ஊத்திக்கிச்சு.

— எனக்குப் புரியவே இல்ல. இல்ல, நெசமாத்தான் கேக்குறேன். பொழுதுபோக்குன்னா பூச்செடி வைக்கலாம், தையல் கத்துக்கலாம். கொட்டுற பூச்சிய யாராவது வாங்கி வைப்பாங்களா?

— நூலகத்துல ஒட்டியிருந்தாங்க. மாமாவுக்குப் படிச்சுக் காட்ட ஏதாவது எடுக்கலாம்னு போனப்ப பாத்தேன். தேனீ வளர்க்க ஆசைப்படுறவங்களுக்கு ஒரு நாள் வகுப்புன்னு. எனக்கு ஆசையெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு நாள் பூரா வெளிய இருக்கலாமேன்னு போனேன்.

— அவ்வளவுதானா?

— போனப்ப அவ்வளவுதான். அங்க சொல்லிக்குடுத்த அம்மா ஒண்ணு சொன்னாங்க. வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல பெட்டியத் தொறக்காதீங்க, சும்மா சும்மா எட்டிப் பாத்தா அதுங்களுக்குப் புடிக்காதுன்னாங்க. அந்த எடத்துல விழுந்தேன். என்னைத் தொட்டதுக்கெல்லாம் கூப்பிடாத உசுரு ஒண்ணாவது இந்த வீட்ல இருக்கட்டுமேன்னு தோணுச்சு.

— அண்ணி…

— என்னமோ போ. இந்தத் தேனடைச் சட்டத்தப் பாரு, வெயில்ல தூக்கிக் காட்டுறேன். குழிக்குள்ள வெள்ள நூல் துணுக்கு மாதிரி நிக்குதே, தெரியுதா?

— ஆமா. பொடிப்பொடியா.

— முட்டை. இது இருந்தா ராணி நல்லாருக்கான்னு அர்த்தம். அவளையே தேட வேண்டியதில்ல. நான் ஆரம்பத்துல அந்தம்மா சொன்னதையும் மீறி, மனசு கேக்காம தெனமும் தொறந்து தேடிட்டு இருந்தேன். ஒரு நாள் மொத்தக் கூட்டமும் கெளம்பி எதிர்வீட்டு மரத்துல போய்த் தொங்குச்சு. உங்கண்ணன் ஏணி புடிக்க, அட்டைப்பெட்டியில தட்டிக் கொண்டாந்தேன். என் கூட அவரு சேந்து செஞ்ச வேலைன்னா, ரொம்ப நாளைக்கப்புறம் அது ஒண்ணுதான்.

— பெட்டிக் காலுக்கெல்லாம் கிண்ணத்துல தண்ணி வெச்சிருக்கீங்களே.

— எறும்பு ஏறாம இருக்க. தெனமும் அத மட்டும் பாத்து ஊத்தணும்.

— சரி, நான் கேக்க வந்தத கேட்டுடறேன். அப்பா ரூம் ஜன்னல்ல வலை அடிச்சிருக்கு. நானே இழுத்துப் பாத்தேன், ஓரம் கூட விடல. கதவும் சாத்தியே இருக்கு. அப்புறம் எப்படி உள்ள வந்துச்சு?

— என் துணியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்.

— வந்திருக்குமா, வந்துச்சா?

— வந்துச்சுன்னு வெச்சுக்கோயேன். என் தப்புதான்.

— கொட்டுனது உள்ளங்கையில அண்ணி. மல்லாந்து படுத்திருக்கிறவருக்கு நடு உள்ளங்கையில எப்படிக் கொட்டும்?

— புடிச்சுப் பாத்திருப்பாரு. கீழ கட்டில் மணிய அடிக்கிறாரு, கேக்குதா?

— கேக்குது. நீங்க இருங்க, நான் போய்ப் பாக்குறேன்.

— தலகாணியா இருக்கும். இல்லன்னா ஃபேன். ரொம்ப வேகமா வெச்சுடாத, குளிரும்பாரு.

— எங்கப்பாதானே அண்ணி. எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சா சரி. போயிட்டு வா.

— தலகாணிதான்.

— சொன்னேன்ல. அதுக்குள்ள மேல வந்துட்ட, தண்ணி குடுத்தியா?

— குடுத்தேன். ஒரு வார்த்த சொன்னாரு. கொழகொழன்னு வந்தாலும் புரிஞ்சுது. பெட்டிய எடுத்துட வேணாம்னு சொல்லுன்னாரு. கொட்டு வாங்குனதும் அவரு, சிபாரிசுக்கு வர்றதும் அவரு.

— அப்படியா சொன்னாரு?

— ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

— கண்ல புகை பட்டுருச்சு.

— தொப்பிக்குள்ளயா?

— தொப்பிக்குள்ளயும் போகும் பாப்பா. இந்தச் சட்டத்த எறக்குறேன், கொஞ்ச நேரம் பேசாத.

— எறக்கிட்டீங்களா? இப்பவாவது கேளுங்க. நான் கை வீக்கத்தப் பாக்க மட்டும் வரல. அண்ணனும் நானும் பேசிட்டோம். அப்பாவ ஒரு இல்லத்துல சேக்கலாம்னு இருக்கோம். படுத்த படுக்கையா கெடக்கிறவங்கள மட்டும் பாத்துக்கிற எடம். எங்க லேப்லேர்ந்து நான்தான் ரத்தம் எடுக்கப் போவேன், சுத்தமா இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில வண்டி வரும்.

— உங்கண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.

— எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னு என்னை அனுப்பிச்சாரு.

— ஷிப்டு முடிஞ்சு வந்து எனக்கு எதிர்ல உக்காந்துதான் சாப்பிடுறாரு. உப்பு கேக்கத் தெரியுது.

— அவரப் பத்தித் தெரியாதா உங்களுக்கு. இந்தக் கொட்டு விஷயம் கேட்டதும்தான் முடிவே பண்ணாரு. அவளால இனிமே முடியாது, ஆளு ஓஞ்சு போயிட்டா, அவளே சொல்ல மாட்டான்னாரு. இதுவும் உங்க நல்லதுக்குத்தான் அண்ணி. பழையபடி பள்ளிக்கூட ஆபீசுக்குப் போலாம். உங்க இடுப்பு வலிக்கு ஒரு நல்ல டாக்டரப் பாக்கலாம். காலையில மணிச் சத்தம் கேக்காம எழுந்திருக்கலாம்.

— ம்.

— அழுறீங்களா?

— இல்ல. மணிச் சத்தம் இல்லாத காலைன்னா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாக்குறேன்.

— எப்படி இருக்கும்?

— நல்லாத்தான் இருக்கும். உங்கிட்ட பொய் சொல்லி என்ன ஆகப் போகுது.

— அப்புறம் என்ன யோசனை? பக்கவாதம் வந்தப்ப, நடக்கிற வரைக்கும் எங்க வீட்ல இருங்கப்பான்னு சொல்லித்தானே அண்ணன் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்தாரு. இப்படி இழுக்கும்னு யாரு கண்டா. நடக்க ஆரம்பிச்சா அவரு வீட்டுக்கே போயிடுவாருன்னு அத வாடகைக்குக் கூட விடாம பூட்டி வெச்சிருக்கோம்.

— அந்த வீட்டுக்குத் தனியாப் போகணும்னு நெனச்சாலே அவருக்குத் தூக்கம் வராது. உங்கம்மா அங்கதானே விழுந்து கெடந்தாங்க.

— அதுக்கு என்ன பண்றது. பயிற்சி குடுக்க வந்தவரு என்ன சொன்னாரு? கால்ல பலம் திரும்பிருச்சு, அவருக்கா மனசு வந்தா உண்டுன்னுட்டுப் போனாரு. மழையில கரண்டு கம்பத்துல ஏறி வேல பாத்த மனுஷன், கட்டில விட்டுக் கால எறக்க மாட்டேங்கிறாரு. அம்மாவோட எல்லாம் போச்சு.

— அந்த இல்லத்துல மாடி இருக்கா பாப்பா?

— மாடியா? படுக்கையில கெடக்கிறவருக்கு மாடி எதுக்கு?

— சும்மா கேட்டேன். கொஞ்சம் தள்ளிக்கோ, மூடிய மூடணும். அந்தக் கல்ல எடுத்துக் குடு, காத்துக்கு மூடி தூக்கிக்கும்.

— இந்தாங்க. அண்ணி, நேராக் கேக்குறேன், நேராச் சொல்லுங்க. இந்தப் பெட்டி போயிருமேன்னுதான் இப்படி இழுக்கிறீங்களா?

— பெட்டியக் குடுத்துடறேன்னு நேத்தே உங்கண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அந்த வகுப்புக்கு வந்த ஒருத்தரு வாங்கிக்கிறேன்னுட்டாரு.

— அப்படிப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தீங்க. யாரும் கேக்காமயே குடுக்கிறேன்னா என்ன அர்த்தம்?

— பெட்டி போயிட்டா பேச்சும் போயிரும்னு நெனச்சேன். எப்படிக் கொட்டுச்சுன்னு யாரும் துருவ மாட்டீங்கன்னு.

— இப்ப நான் துருவுறேன்.

— ஆமா. உங்கண்ணன் மாதிரி நீயும் தல ஆட்டிட்டுப் போயிருந்தா எனக்கு வேல மிச்சம்.

— என்ன மறைக்கிறீங்க?

— நேத்து உங்கப்பா என்னப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. அந்த வராத கையையும் இழுத்துச் சேத்து வெச்சுக் கும்பிட்டாரு. யார்கிட்டயும் சொல்லிடாதம்மான்னு. எனக்கு வந்த கோவத்துக்கு, கத்தணும் போல இருந்துச்சு. இத்தன நாள் இடுப்பு ஒடியத் தூக்கியிருக்கேன், தொடச்சிருக்கேன். ஆனா அந்த மூஞ்சியப் பாத்துட்டு ஒண்ணும் வரல. பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன்னு கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கிற பிள்ள மாதிரி இருந்துச்சு. சரி மாமான்னுட்டேன்.

— எத சொல்லிட வேணாம்னாரு?

— இப்ப நான் வாய மூடிக்கிட்டா வெள்ளிக்கிழமை வண்டி வரும். எனக்கு விடிஞ்சிரும். நீ சொன்னதும் ஒரு நிமிஷம் அதத்தான் நெனச்சேன். பாத்தியா, நான் அவ்வளவு நல்லவ ஒண்ணும் கெடையாது.

— சுத்தி வளைக்காதீங்க அண்ணி. அந்தத் தேனீ எப்படிக் கீழ போச்சு?

— தேனீ கீழ போகல பாப்பா. உங்கப்பாதான் மேல வந்தாரு.