ஸ்கோரி வற்றிய கதை

வாடைக் காற்றை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்து அமர்ந்திருக்கும் என் ஊரே! இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் துறைமுகச் சங்கத் தலைவி எஃபி அம்மையார் அவர்களே! அறுபது ஆண்டுகள் அலையோடு மல்லுக்கட்டிய மூத்த மீனவப் பெருமக்களே! கடலுக்குப் போனவர் கரை திரும்பும்வரை கண் மூடாத தாய்மார்களே! இரண்டு வாரம் நடுக்கடல் எண்ணெய் மேடையில், இரண்டு வாரம் வீட்டில் என்று வாழ்வையே இரண்டாக வகுத்துக்கொண்ட தோழர்களே! கதவோரத்தில், கடைசி வரிசையில், தொப்பியை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கும் இன்னிஸ் கௌல்ட் அவர்களே! உங்கள் அனைவர் முன்னும் ஊனா மட்ச் ஆகிய நான் தலை வணங்கி நிற்கிறேன். பெருமை பேச வரவில்லை. குற்றம் ஒன்றைக் கூற வந்திருக்கிறேன். குற்றவாளி நான்தான்.

கடந்த வியாழக்கிழமை, நம் கடலடி எண்ணெய் வயலான ஸ்கோரியின் கடைசிக் கிணற்றை அடைத்துவிட்டார்கள். முப்பத்தொரு ஆண்டுகள்! முதல் ஆண்டில் நாளொன்றுக்கு லட்சம் பீப்பாய் கொடுத்த வயல். கடைசி நாளில் கொடுத்தது எவ்வளவு தெரியுமா? ஆறாயிரம். அந்த லட்சத்தையும் அளந்தவர் இன்னிஸ். அந்த ஆறாயிரத்தையும் அளந்தவர் இன்னிஸ். ஒவ்வொரு காலையும் எண்ணெய் மேடையில் நின்று, எண்ணெய் எவ்வளவு, வாயு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அளந்து கரைக்குச் சொல்வதுதான் அவர் வேலை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே மண்டபம். இதே மேடை. நகர மன்றத் தலைவியாக நான் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். துறைமுகத்தை இன்னும் நீட்டுவோம், எண்ணெய்க் கப்பல்கள் இன்னும் வரும், நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை ஸ்கோரி ஓயாது என்று முழங்கிக்கொண்டிருக்கிறேன். கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. அப்போது எழுந்தார் இன்னிஸ். கையில் கட்டம் போட்ட தாள். அதில் மலையிலிருந்து இறங்கும் பாதைபோல ஒரு கோடு.

"நான் சண்டைக்கு வரலீங்க. கிணத்துலருந்து பத்து வாளி மேல வந்தா, அதுல எட்டு வாளி தண்ணி. வருஷத்துக்கு வருஷம் தண்ணி ஏறுது, எண்ணெயும் வாயுவும் எறங்குது. இன்னும் எட்டு வருஷம் தாங்கறதே கஷ்டம். அதுக்கப்புறம் நம்ம அடுப்புல எரியறது யாரோ கப்பல்ல அனுப்புனதாத்தான் இருக்கும். அவங்க அனுப்பலன்னா என்ன பண்ணப் போறோம்? அத இப்பவே பேசணும்."

அவர் முடிப்பதற்குள் அந்த ஓரத்திலிருந்து ஒரு குரல்:

"ஏய் இன்னிஸ்! தண்ணிதான் வருதுன்னா நல்லதாப் போச்சு, விஸ்கில ஊத்திக்கலாம்யா!"

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. தலையைக் குனியாதீர்கள் டூகல்! நீங்கள் ஒரு நகைச்சுவை சொன்னீர்கள், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். சிரித்துவிட்டு, ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லிவிட்டு, "உக்காருங்க இன்னிஸ், டீ ஆறிப்போகுது" என்றேன். அவர் உட்கார்ந்தார். அன்று சிரிக்காத ஒரே ஒரு முகத்தை நான் பார்த்தேன். நாற்பது ஆண்டுகள் மீன் அறுத்து விரல்கள் வளைந்துபோன ஜெஸ்ஸி கௌல்ட். இன்னிஸின் அக்கா. தாய் தகப்பன் போனபின் தம்பியைத் தன் கையால் வளர்த்தவர். முன் வரிசையிலிருந்து எழுந்தார், பின்னால் போய்த் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதன்பின் என்ன நடந்தது? கோடு இறங்கியது. இன்னிஸ் போட்ட கோட்டின்மேலேயே, நூல் பிசகாமல் இறங்கியது. எழுபதாயிரம் நாற்பதாயிரமாயிற்று, நாற்பதாயிரம் பதினைந்தாயிரமாயிற்று. நாம் நீட்டிய துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்தன, ஆம், வந்தன! ஏற்றிக்கொண்டு போக அல்ல, இறக்கிவிட்டுப் போக! உலகத்துக்கு ஊற்றிக் கொடுத்த ஊர், உலகத்திடம் கையேந்தி நிற்கும் ஊராயிற்று. அப்போதாவது விழித்தோமா? இல்லையே!

சென்ற பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். பனி முழங்கால் ஆழம். வாயு ஏற்றி வந்த இரண்டு கப்பல்கள் பாதி வழியில் வேறு நாட்டுக்குத் திரும்பிவிட்டன. கிடங்கில் கையிருப்பு குறைவு, சிக்கனமாக இருங்கள் என்று வானொலி காலையும் மாலையும் கெஞ்சியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் வீட்டில் சூடு அதிகமென்று சன்னலைத் திறந்து வைத்தேன். ஆம் அம்மா, நீங்கள் முகம் சுளிப்பது சரிதான். திறந்துதான் வைத்தேன்.

அந்த வாரம் இன்னிஸ் கடலில், எண்ணெய் மேடையில் இருந்தார். தினமும் அக்காவிடம் தொலைபேசியில் பேசுவார். அவரே என்னிடம் சொன்னது இது.

"அக்கா, வீட்ல பாய்லர் ஓடுதா?"

"ஓடுதுடா. நீ மொதல்ல காத மூடிக்கோ, அங்க காத்து அடிக்கறது இங்க கேக்குது."

"ஏன் உன் குரல் நடுங்குது?"

"சிரிச்சேன்டா. ரேடியோல ஒருத்தன் கோமாளித்தனம் பண்றான்."

செவ்வாய்க்கிழமை ஹெலிகாப்டரில் இறங்கி நேரே அக்கா வீட்டுக்குப் போனார். சமையலறை நாற்காலியில் ஜெஸ்ஸி. இரண்டு கோட்டு, அதற்கு மேல் தம்பியின் பழைய வேலைச் சட்டை. உதடு நீலம். வாயுவில் ஓடி வீட்டைச் சூடாக்கும் பாய்லர் அணைந்து ஒன்பது நாள். கெட்டுப்போகவில்லை, அவரே அணைத்திருக்கிறார். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள்.

மூன்றாம் நாள் நான் போனேன். கட்டிலில் பறவைபோலக் கிடந்தார்.

"ஏன் ஜெஸ்ஸி இப்படிப் பண்ணீங்க?"

"மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்க ஊனா? நான் இன்னும் சாகல." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "என் தம்பி அன்னிக்கே சொன்னான்ல, பத்தாமப் போகும்னு. அவன் கணக்கு தப்பாது. பத்தலன்னா யாராச்சும் கொறைச்சுக்கணும்ல? எதிர்வீட்ல பொறந்து மூணு வாரக் கொழந்த இருக்கு. நான் கோட்டு போட்டுக்குவேன், அது என்ன பண்ணும்?"

ஜெஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன்கிட்ட இதச் சொல்லிடாத. கடல்ல நிக்கறவன். மனசு கலங்கக்கூடாது."

மறுநாள் காலை ஜெஸ்ஸி இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த வாரம் இன்னிஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா மறைக்கச் சொன்னதை மறைக்க எனக்குத் திராணியில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அன்று உங்களைப் பேசவிடாமல் தடுத்தேனே, மன்னியுங்கள் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"நீங்கல்லாம் நம்பாதது எனக்குப் பெருசா வலிக்கலீங்க. அவ நம்புனாளே... அதத்தான் தாங்க முடியல."

அன்பான பெருமக்களே! சிரித்தவர்கள் வீட்டில் கதகதப்பு, நம்பியவள் வீட்டில் கடுங்குளிர்! இது என்ன நியாயம்? ஒரு வயல் வற்றுவது யார் குற்றமும் அல்ல. மண்ணுக்கடியில் இருப்பது ஒருநாள் தீரும், கப்பலை நம்பும் காலம் வரும், வந்த கப்பலும் வழி மாறும். ஆனால் ஒரு நாட்டின் பற்றாக்குறை முழுவதையும் ஒரு முதியவள் தன் சமையலறையில் தனியாக உட்கார்ந்து சுமந்தாளே, அது யார் குற்றம்? வீட்டுக்கு வீடு சூட்டை ஒரு பாகை குறைத்திருந்தால் போதுமே! வீதிக்கு வீதி ஒருவர் விசாரித்திருந்தால் போதுமே! நான் என் சன்னலைச் சாத்தியிருந்தால் போதுமே!

நினைவுக்கல் நடலாம் என்று சிலர் சொன்னீர்கள். வேண்டாம். இன்னிஸிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை இந்த மண்டபத்தில் நின்று, நம் கடலின் மற்ற வயல்கள் இன்னும் எவ்வளவு தருகின்றன, கப்பல் எவ்வளவு கொண்டுவருகிறது, கையிருப்பு எத்தனை நாள் தாங்கும் என்று அவர் வாசிக்க வேண்டும். "வாசிக்கறேன். கசப்பாத்தான் இருக்கும், பரவாயில்லன்னா வாசிக்கறேன்" என்றார். பரவாயில்லை இன்னிஸ்! கசக்கட்டும்! கேட்டுவிட்டு, யார் வீட்டில் எவ்வளவு குறைப்பது, யாருக்கு ஒருபோதும் குறைக்கக்கூடாது என்று கூடிப் பேசுவோம்.

உண்மை பாரமானது. ஊரே சேர்ந்து தூக்கினால் அது ஒரு சுமை, அவ்வளவுதான். ஜெஸ்ஸி அதைத் தனியாகத் தூக்கினார்.

கலங்கிய கண்களோடும் காது கொடுத்துக் கேட்ட உங்களுக்கும், குற்றம் செய்த என்னையும் பேச அனுமதித்த தலைவி அவர்களுக்கும் என் நன்றி. வெளியே பனி இறுகிக் கிடக்கிறது, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடங்கள். வணக்கம்.