நாம ரெண்டு பேரு மட்டும்

முதல்முறையாக ஐரோப்பிய நதிக் கப்பலில் போகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு, தம்பி. அறை எவ்வளவு பெரியது, ஜன்னல் எந்தப் பக்கம், காலைச் சாப்பாட்டில் எத்தனை வகை என்று பார்ப்பார்கள். அதெல்லாம் ஏறிய மறுநாளே பழகிவிடும். பார்க்க வேண்டியது நதியை. நதி சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும். நீங்கள் கல்யாணமானவர் மாதிரித் தெரிகிறது. என்றைக்காவது மனைவியோடு போவதாக இருந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையும் அதிகாரிக்கு மொழிபெயர்க்க வேண்டுமா என்று யோசிக்கிறீர்கள். மொழிபெயர்த்துவிடுங்கள். அவர் மொழி எனக்கும் தெரியும்தான், ஆனால் இதைத் தாய்மொழியில்தான் சொல்வேன் என்று நானே கேட்டுக்கொண்டேன். நம் தொழிலில் இது வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்குகிற வேலையே கிடையாது. நானும் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்துதான் தலை நரைத்தேன். கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு தம்ளர் தண்ணீர், அவ்வளவுதான் நம் ராஜ்யம். 'அவன் இப்படிச் சொல்கிறான்' என்று சொல்லக் கூடாது, அவனாகவே பேச வேண்டும். நான் திருடினேன், நான் குத்தினேன், எனக்கு ஒன்றுமே தெரியாது என்று ஊர்ப்பட்ட பேருக்காகச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கியும் இருக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கும் அப்படி ஒரு வாக்கியம் வரும். பதற வேண்டாம், போகப் போகப் பழகிவிடும்.

கப்பல் ஆசை என் மனைவிக்குத்தான். எங்கேயும் போகணும் என்று கேட்காதவள், இதற்கு மட்டும் ஒற்றைக் காலில் நின்றாள். பக்கத்து மாடிக்காரி போய்வந்து படம் காட்டியதிலிருந்து பிடித்த பைத்தியம். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் இந்த மொழி அவளுக்கு ஒட்டவே இல்லை. கடையில் விரலை நீட்டுவாள், சிரிப்பாள், பொருள் வந்துவிடும். மற்றதுக்கெல்லாம் நான். பேங்க், பிளம்பர், டாக்டர், எல்லாரிடமும் அவள் வாய் நான்தான். ஒரு தடவை அவளுக்குப் பல்வலி. 'எனக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது' என்று தொழில் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். டாக்டர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார். வீடு வருகிற வரைக்கும் அவள் வலியோடு வலியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

நல்ல பெண்தான். அதை நான் மறுக்கவே இல்லை. வீட்டில் நான் அதிகம் பேச மாட்டேன். நாள் முழுக்க மற்றவர்களுக்காகப் பேசிவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் பேச என்ன மிச்சம் இருக்கும்? அவளுக்கு அது புரிந்திருந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு டிராவல்ஸ்காரர் இருக்கிறார். நம் ஆள். மேஜை மேல் பொம்மைக் கப்பல், கண்ணாடிக் கிண்ணத்தில் மிட்டாய், வாயில் சிரிப்பு. அவருக்கு எல்லாமே 'நாம'தான். "காலையில நாம எழுந்து காபி குடிச்சிட்டு மேல்தளத்துக்குப் போறோம், மத்தியானம் நாம கோட்டை பாக்குறோம்" என்று, நேற்றே போய்விட்டு வந்தவர் மாதிரிப் பேசுவார். நம் ஆட்களைக் கூட்டமாகச் சேர்த்துக்கொண்டு அவரும் கூடவே வருவாராம். என் மனைவி அவர் கடைக்கு அடிக்கடி போக ஆரம்பித்தாள். போகும்போதெல்லாம் கை நிறைய மிட்டாயும் வழவழப்பான விளம்பரப் புத்தகங்களும் கொண்டுவந்தாள். அவற்றைக் கட்டிலில் பரப்பிவைத்துக்கொண்டு, எந்த நதி, எந்த நதி என்று சின்னக் குழந்தை மாதிரிக் குழம்பிக்கொண்டிருந்தாள். எது வேண்டுமானாலும் எடு என்று சொல்லியிருந்தேன். அப்போது எனக்கு நதியைப் பற்றி அக்கறை இல்லை.

ஒரு நாள் வழக்கை ஒத்திவைத்துவிட்டார்கள், சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். படுக்கையறைக் கதவு கொஞ்சமாகத் திறந்திருந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், கையில் போன். நான் செருப்பைக் கழற்றும்போது இவ்வளவுதான் காதில் விழுந்தது.

"நாம ரெண்டு பேரு மட்டும்தான். வேற யாரும் வேண்டாம். நீங்க பக்கத்துல இருந்தா போதும். இனிமேலாவது நாம கொஞ்சம் பேசிட்டு இருக்கலாம்."

அதற்குள் பாத்ரூமில் வாஷிங் மெஷின் சுழல ஆரம்பித்துவிட்டது. அது சுழன்றால் இடி இடித்தாலும் கேட்காது. பிறகு அவள் திரும்பினாள், என்னைப் பார்த்தாள், போனைச் சட்டென்று தலையணைக்கு அடியில் தள்ளினாள். அவளாகத்தான் சொன்னாள், "டிராவல்ஸ்காரருங்க. தேதி கேட்டார்" என்று. முகம் சிவந்துபோயிருந்தது.

இந்த இடத்தில் நிறுத்தி அதிகாரிக்குக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும். அவர் மொழியில் 'நாம'வுக்கும் 'நாங்க'வுக்கும் ஒரே சொல்தான், பாவம். நமக்கு அப்படி இல்லை. என்னையும் தன்னையும் பற்றி அவள் டிராவல்ஸ்காரரிடம் பேசியிருந்தால் 'நாங்க ரெண்டு பேரு' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நாம என்றால் கேட்கிறவனும் அதற்குள் இருக்கிறான். யாரிடம் பேசுகிறாளோ அவனோடு போகப்போகிறாள் என்று அர்த்தம். தங்கையாக இருந்தால் நீ என்பாள், நீங்க என்று சொல்ல மாட்டாள். ஒரு கேஸில் ஒரே ஒரு 'நாங்க'வை நான் சரியாகப் பிடித்துச் சொன்னதால் ஒருவன் விடுதலையாகிப் போயிருக்கிறான். இலக்கணம் பொய் சொல்லாது, தம்பி. மனிதர்கள்தான் சொல்வார்கள்.

அவளிடமே கேட்டிருக்கலாமே என்று அதிகாரி நேற்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கேள்வி கேட்பது வக்கீல்களின் வேலை. நான் வாழ்க்கையில் யாரையும் கேள்வி கேட்டவன் இல்லை, காதில் விழுந்ததை எடுத்துக்கொள்கிறவன். கோபம் வந்ததா என்றும் கேட்டார். வரவில்லை. அன்றைக்கும் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகுதான் நதிகளில் எனக்கு அக்கறை வந்தது. மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு நானே டிராவல்ஸுக்குப் போனேன். டிராவல்ஸ்காரர் மூன்று நதிகளை எடுத்து வைத்தார். முதலாவது பெரிய நதி, பேர்போனது. இரண்டு கரையிலும் கோட்டைகள், பாலங்களெல்லாம் எட்டாத உயரத்தில். எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவதில் கப்பலின் மேல்தளத்தைக் கண்ணாடி போட்டு மூடியிருந்தார்கள், குளிருக்கு இதம் என்றார். குளிருக்காகவா அவ்வளவு தூரம் போகிறோம் என்று அதையும் தள்ளிவிட்டேன். மூன்றாவது ஒடுக்கமான பழைய நதி. பழைய கல் பாலங்கள். அவ்வளவு தாழ்வாக இருக்குமாம், பாலம் வந்தால் மேல்தளத்துக் குடைகளை மடக்கிவிடுவார்கள், கைப்பிடிக் கம்பிகளைப் படுக்க வைத்துவிடுவார்கள், கேப்டன் நின்று கப்பல் ஓட்டுகிற கூண்டே தளத்துக்குள் இறங்கிவிடும். எல்லாரும் உட்காருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள்.

எந்த மாதத்தில் நதியில் தண்ணீர் அதிகம் என்று கேட்டேன். மலையில் பனி உருகுகிற மாதத்தில் என்றார். தண்ணீர் ஏறினால் கப்பலும் ஏறும், பாலம் இன்னும் தாழ்ந்துவிடும், இல்லையா என்று கேட்டேன். அவர் அசந்துபோய் என் மனைவியைப் பார்த்து, "சார் மாதிரி விவரமா கேக்குற கஸ்டமரை நான் பாத்ததே இல்லைங்க மேடம்" என்றார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கூட்டத்தோடு போகலாம், நானும் வருகிறேன் என்று அவர் விடாமல் நூல் விட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன். மொழிதான் எனக்குத் தெரியுமே, நாங்கள் இருவர் மட்டும் போகிறோம், வேறு யாரும் வேண்டாம் என்றேன். அதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படிக்கூட ஒருத்தியால் நடிக்க முடியுமா என்று ஆச்சரியமாக இருந்தது. நான் சொன்ன மாதத்தில்தான் எங்கள் கல்யாண நாளும் வருகிறது என்று அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். எனக்கு அது நினைவில் இல்லை.

பயணம் அருமையாக இருந்தது, அதை யார் கேட்டாலும் சொல்வேன். கப்பலில் நம் மொழி தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லை. சாப்பாட்டு அட்டையிலிருந்து கேப்டன் சொல்கிற சிரிப்புக் கதை வரைக்கும் எல்லாவற்றையும் அவளுக்கு நான்தான் சொன்னேன். ஊரே சிரித்து முடித்த பிறகு அவள் தனியாகச் சிரிப்பாள். அதைப் பார்த்து மறுபடி எல்லாரும் சிரிப்பார்கள். மேல்தளத்தில் கடைசி வரிசையில் எங்களுக்கென்று இரண்டு நாற்காலிகள். காற்று முகத்தில் அடிக்கிறது என்று அவள் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காருவாள்.

முதல் பாலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் என் வாய் தன்பாட்டில், "பாலம் வருது, எழுந்திருக்கக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டது. அவளும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். அடுத்த பாலத்திலும் அதே கதை. பழக்கம் எவ்வளவு பொல்லாதது பாருங்கள். உள்ளே ஒரு மனசு, வெளியே ஒரு வாய். அறைக்குப் போனதும் என்னை நானே கடிந்துகொண்டேன்.

மூன்றாவது பாலம் நதி வளைகிற இடத்தில் இருந்தது, வளைவு திரும்புகிற வரைக்கும் கண்ணில் படாது. மாலுமி முன்வரிசையில் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு உட்கார வைத்துக்கொண்டிருந்தான். அறிவிப்பு வந்தது. அவள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"வலது பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம் வருதாம். எழுந்து நின்னு பாத்தா நல்லாத் தெரியுமாம்" என்றேன்.

எழுந்தாள். எனக்குக் கை நீட்டி, "வாங்க, நாம சேந்து பாக்கலாம்" என்றாள். கால் மரத்துவிட்டது, நீ பார் என்றேன். முன்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் எங்களைப் பார்த்து என்னவோ கத்தினார். உட்காரச் சொல்லித்தான். அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவர் சொன்னதை நான் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை.

பாலம் நல்ல உறுதியான பாலம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அவளைக் கொன்றேன். எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, நான் சொன்ன வாக்கியம் இதுதான். தண்ணீர் வேண்டுமானால் குடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

உட்காரச் சொன்னேன், அவள் கேட்கவில்லை என்றுதான் மாலுமியிடம் அன்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள், ஒரு அம்மாள் என் தோளில் சால்வை போர்த்திவிட்டார். ஆனால் போன் தளத்தில் விழுந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்ததாம். திராட்சைத் தோட்டம் என்று நான் சொன்னது அதில் கணீரென்று பதிவாகியிருக்கிறது. அதை மொழிபெயர்க்கத்தான் உங்களைக் கூப்பிட்டார்கள். பிசிறில்லாமல் செய்திருந்தீர்கள், என் பாராட்டு.

அதே போனில் இன்னொரு பதிவும் இருந்ததாகச் சொல்லி, நேற்று இதே மேஜையில் வைத்துப் போட்டுக் காட்டினீர்கள். வீட்டில் வைத்து அவள் பேசிப் பதிவு செய்தது. கல்யாண நாளன்று போட்டுக் காட்டுவதற்காக, கப்பல் படம் ஒன்றோடு சேர்த்து வைத்திருந்தாளாம். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்ட அதே பேச்சு. நான் கேட்காத முன்பகுதியும் இருந்தது, வாஷிங் மெஷின் விழுங்கிய பின்பகுதியும் இருந்தது.

"ஏங்க, நேர்ல சொன்னா சிரிச்சிடுவேன், அதான் இதுல சொல்றேன்" என்று ஆரம்பிக்கிறது. "நாள் பூரா கோர்ட்ல எல்லாருக்காகவும் பேசுறீங்க. எனக்காக நீங்க பேச வேண்டாம். எங்கிட்ட பேசுங்க, அது போதும்" என்று முடிகிறது.

அதைக் கேட்டு நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கவனித்தேன். மொழிபெயர்க்கிறவன் அழக் கூடாது, வயதில் மூத்தவன் என்பதால் சொல்கிறேன். அப்புறம், 'ஏங்க' என்பதற்கு அதிகாரியிடம் 'கணவனை அழைக்கும் சொல்' என்று விளக்கம் சொன்னீர்கள். அது சரியில்லை. பஸ் கண்டக்டரையும் ஏங்க என்று கூப்பிடுகிறோம், காய்கறிக்காரரையும் கூப்பிடுகிறோம். திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்ததில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் தப்புச் செய்துவிட்டேன் என்று தெரிகிறது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். டிராவல்ஸ்காரரை வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டேன். அவர் கோர்ட் வாசலை மிதித்தவரே இல்லை, நான் மன்னிப்புக் கேட்டதாக அவரிடம் சொல்லிவிடுங்கள். நாள் பூரா கோர்ட்டில் எல்லாருக்காகவும் பேசுகிற ஆள் என்றால், தம்பி, அது யாரோ ஒரு வக்கீலாகத்தான் இருக்க வேண்டும்.