இருபத்தேழாம் போத்தல்

சாம்பவி: ஊசி மாதிரித்தான் அப்பா. ஆனா ஊசியைவிட மெல்லிசு.

அப்பா: சும்மா பார்த்தாத் தெரியுமோ?

சாம்பவி: வெறுங்கண்ணுக்கு எங்க... மைக்ரோஸ்கோப்பிலதான். வெளிச்சத்தைக் கொஞ்சம் திருப்பினா பளபளவெண்டு மின்னுது. நான் போட்ட சத்தத்தில, ஆராய்ச்சிக்கு ஆக்களைப் பதியிற மேனகா தேத்தண்ணியையும் ஊத்திக்கொண்டு ஓடி வந்தவள்.

அப்பா: சலத்துக்குள்ள, மூத்திரத்துக்குள்ள அப்பிடியோ!

சாம்பவி: ஓம். விழுங்கிற குளிசை உடம்பில கரைஞ்சு, சலத்தில போய், அங்க திரும்பவும் ஊசி ஊசியாக் கட்டியாகுது. எல்லாருக்குமில்லை. சில குளிசை, தண்ணி காணாமக் குடிக்கிற சில ஆக்கள்...

அப்பா: தெரியும், தெரியும். லிஃப்டுக்குள்ள அருளானந்தத்துக்கு நான்தானே விளங்கப்படுத்தினனான். "டொக்டர் பட்டம் எடுத்தாப் பிறகும் உம்மட மகள் என்னத்துக்குச் சலப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருக்கிறா" எண்டு நக்கலடிச்சவர்.

சாம்பவி: ஐயோ... என்ன சொன்னீங்கள்?

அப்பா: "உமக்கு அடைச்சால்தான் ஐசே அதின்ர அருமை தெரியும்" எண்டனான். நாலாம் மாடியில இறங்க வேண்டிய மனிசன் மூண்டிலேயே இறங்கிட்டார்.

சாம்பவி: அப்பா!

அப்பா: பின்னை? பட்டத்துக்குப் பிறகு செய்யிற ஆராய்ச்சி, போஸ்ட்டொக் எண்டாச் சும்மாவோ? அதுசரி, இண்டைக்கு ஏன் மத்தியானத்தோட வந்தனீ? பையில என்ன அடுக்கிறாய்?

சாம்பவி: சும்மா... கொஞ்ச உடுப்பு. அம்மா எங்க?

அப்பா: சந்தைக்கு. அந்த ஊசி கண்ட போத்தல் ஆற்ற பிள்ளை?

சாம்பவி: எங்களுக்குப் பேர் தெரியாது. நம்பர் மட்டும்தான். இருபத்தேழு.

அப்பா: ...இருபத்தேழோ?

சாம்பவி: ஏன், தெரிஞ்ச ஆளோ?

அப்பா: எனக்கெங்க தெரியும்... நல்ல வடிவோ?

சாம்பவி: வடிவெண்டா அப்பிடி வடிவு. பேராசிரியரே வந்து பார்த்திட்டு எனக்குக் கை தந்தவர். "இத்தனை மாசத்தில இதுதான் முதல்" எண்டவர்.

அப்பா: கை தந்தவரோ! அப்ப இருபத்தேழு கெட்டிக்காரன்.

சாம்பவி: கெட்டிக்காரனோ? விசரன்!

அப்பா: ஏனம்மா அப்பிடிச் சொல்லுறாய்...

சாம்பவி: அவ்வளவு ஊசியும் கிட்னிக்குள்ள போய் அடைச்சா என்ன நடக்கும்? இண்டைக்கே குளிசையை நிப்பாட்டி ட்ரிப் ஏத்தினா ஒண்டுமில்லை. விட்டா டயலிசிஸ்தான்.

அப்பா: இண்டைக்கே எண்டா... இண்டைக்கேயோ?

சாம்பவி: இப்பவே. இரத்தத்தில இன்னும் பெரிசாக் காட்டாதாம். அதுக்கு முன்னமே பிடிச்சிட்டியள் எண்டு கிளினிக் டொக்டருக்கே ஆச்சரியம்.

அப்பா: டொக்டருக்கு முன்னம் நீ கண்டுபிடிச்சிட்டாய்!

சாம்பவி: ஓம். ஆனா என்ன பிரயோசனம்? மேனகா எத்தினை தரம் அடிச்சும் அந்த மனிசன்ர போன் ஓஃப்.

அப்பா: பாவம்... சார்ஜ் போயிருக்கும்.

சாம்பவி: உங்கட போன் எங்க அப்பா?

அப்பா: அது... உள்ள கிடக்கு.

சாம்பவி: அந்த ஆளுக்குச் சலம் ஒழுங்காப் போகுதோ எண்டாவது கேக்கவேணும்.

அப்பா: போகுது... போகும், போகும். கொஞ்சம் குறைவா.

சாம்பவி: இடுப்பு நோகுதோ எண்டும்.

அப்பா: அது அக்கி நோ. அக்கி வந்தா நோகும்தானே...

சாம்பவி: இருபத்தேழுக்கு அக்கி எண்டு நான் சொல்லேல்லையே.

அப்பா: ...என்ர அக்கியைச் சொன்னனான்.

சாம்பவி: அக்கிக் குளிசை போடுறீங்கள், தண்ணி குடிக்கவேணும் எண்டு காலமை காலமை பெரிய போத்தல் நிரப்பி உங்கட மேசையில வைச்சனானெல்லோ?

அப்பா: பின்னேரம் வெறும் போத்தல்தானே எடுத்தனீ?

சாம்பவி: தண்ணி எங்க போனது?

அப்பா: பல்கனியில... கறிவேப்பிலைக்கு.

சாம்பவி: சேர்ட்டைப் போடுங்கோ. கீழ த்ரீவீல் நிக்குது.

அப்பா: எங்க போறம்? ஏய், அது என்ர சாரம்! என்ர சாரத்தை ஏன் பையில வைக்கிறாய்?

சாம்பவி: வார்ட்டில கட்ட. வார்ட் எண்டா உங்களுக்கு நூறு சாட்டு வரும். அதுதான் பையை அடுக்கி முடிக்குமட்டும் வாய் திறக்கேல்லை.

அப்பா: ஆர் சொன்னது? மேனகாவோ? அவளிட்டக் கெஞ்சித்தானே ஆராய்ச்சியில சேர்ந்தனான், உனக்குச் சொல்லக்கூடாதெண்டு...

சாம்பவி: அவள் அழுதுகொண்டு நிக்கிறாள். உங்கட பேரைக் கேட்டவுடன த்ரீவீலைப் பிடிச்சு ஓடி வந்தனான். அந்த ஊசியளைப் பார்த்து நான் துள்ளிக் குதிச்சனான் அப்பா... வடிவு வடிவெண்டு படமெல்லாம் எடுத்தனான்.

அப்பா: அழாதை பிள்ளை. இண்டைக்கே போனா ஒண்டுமில்லை எண்டு நீதானே சொன்னனீ? எனக்குப் பயமில்லை.

சாம்பவி: எனக்குப் பயம்! தண்ணி குடியுங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லுறவள் நான். என்ர வீட்டிலேயே... ஏனப்பா? சொல்லுங்கோ, ஏன் குடிக்கேல்லை?

அப்பா: அண்டைக்குக் குசினியில அம்மாவிட்டச் சொல்லி அழுதனீயெல்லோ... "ஆக்கள் நல்லாத் தண்ணியைக் குடிச்சிட்டு வருகினம், ஒரு போத்தலிலயும் ஒண்டுமில்லை, இப்பிடியே போனா ஆராய்ச்சியை மூடிப்போடுவாங்கள்" எண்டு. கேட்டுக்கொண்டு படுத்திருந்தனான். அதுக்குப் பிறகு எனக்குத் தண்ணி இறங்கேல்லை பிள்ளை.